கடையில் பாடும், வீட்டில் பாடாது

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னவளின் காதுக்குள் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது.

அப்போது அவள் தையல் மெஷினில் ஒரு நீளமான திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை தைப்பதுதான் அவள் தொழில். வீட்டின் கீழ்த்தளத்தில், தெருப்பக்கத்து அறையில், ஜன்னலை ஒட்டி மெஷின். சட்டை தைத்தால் கழுத்து, கை, பட்டன் என்று மூளைக்கு ஏதாவது வேலை இருக்கும். திரைச்சீலைக்கு அதெல்லாம் இல்லை. நேராகப் போக வேண்டும், போய்க்கொண்டே இருக்க வேண்டும். காதில் பாட்டு இல்லாமல் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குப் பொறுமைக்கான பதக்கம் ஏதாவது கொடுக்கலாம். சின்னவளுக்குப் பதக்கம் வேண்டாம். தீப்பெட்டி அளவில் இருந்த அந்த பிளேயர் பாடினால் போதும்.

எடுத்துப் பார்த்தாள். குட்டித் திரையில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. விநாடிகள் நகர்ந்தன, கோடு நகர்ந்தது. காதில் மட்டும் சத்தம் இல்லை. சத்தத்தைக் கூட்டினாள், ஆஃப் செய்து ஆன் செய்தாள், இயர்போனைப் பிடுங்கிச் செருகினாள், உள்ளங்கையில் வைத்து நாலு தட்டுத் தட்டினாள். திரையின் மூலையில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. பேட்டரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தெரியாததையெல்லாம் பேட்டரி என்று நினைத்துக்கொள்வது அவளுக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல.

சரியாக அந்த நேரத்தில் மேல்மாடியில் 'டமார்' என்று ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, போட்டார்களா என்பது பாத்திரத்தின் சத்தத்திலேயே தெரியும். இது போட்டது.

"ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள் சின்னவள் மெஷினிடம்.

மேல்மாடியில் இருப்பது பெரியவள், அவளுடைய ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவள் மேலே, தம்பியைக் கட்டியவள் கீழே. முன்பெல்லாம் மேல் கீழ் என்று பேச்சே கிடையாது. ஒரே சமையல், ஒரே சாப்பாடு. பெரியவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. காலையிலும் மாலையிலும் வகுப்பு. மதியம் ஓய்வு. அந்த ஓய்வு நேரம் முழுவதும் சின்னவளின் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்குத் தன்னிடம் மாட்டிய மாணவர்களை ஒவ்வொருவராக உரித்து உப்புக்கண்டம் போடுவாள். சின்னவள் சிரித்துச் சிரித்து ஓரத்தைக் கோணலாக அடித்துவிட்டு, பிறகு பிரித்துத் தைப்பாள்.

எல்லாம் அந்தக் காரால் கெட்டது. 'ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறேன், வீட்டில் இருக்கிறவளுக்குச் சொல்லித்தர மாட்டேனா' என்று பெரியவள்தான் சின்னவளைக் கூட்டிப்போனாள். கற்றுக்கொடுக்கும் கார்களில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வாசல் கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது சின்னவள் ஸ்டியரிங்கை வளைத்ததும் பெரியவள் பிரேக்கை மிதித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. வண்டி போய்க் கேட் தூணை முத்தமிட்டது.

"நான் மட்டும் பிரேக் போடலைன்னா நீ வண்டியை நேரா சமையல்கட்டுக்கே ஓட்டியிருப்பே!"

"நீங்க பிரேக் போடாம இருந்திருந்தா வண்டி ஒழுங்கா உள்ளே போயிருக்கும்!"

இதில் யார் சொன்னது சரி என்று கண்டுபிடிக்க இனி ஒரு வழியும் இல்லை. தூணுக்குத்தான் தெரியும், அது பேசாது. ஆனால் தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பெரியவள் தன் வகுப்புக் குரலில் கத்தினாள். சின்னவள், "உங்களுக்குக் கத்தத்தான் தெரியும், கத்துக்கொடுக்கத் தெரியாது," என்றாள். ஒரு தொழில்காரியிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. சொன்ன மறுநிமிடமே அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

அன்றைக்குப் பேச்சு நின்றது. அந்த வார முடிவில் அடுப்பு இரண்டானது. அண்ணன் தம்பி இருவருக்கும் இடையில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் குழாய் வேலை செய்கிறவர், தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று பயந்து, வீட்டுச் சாமான்களை அவர்கள் மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என்று எண்ணிப் பிரித்தார்கள். எண்ணிக்கை அப்பழுக்கில்லாமல் வந்தது. புத்தி மட்டும் வரவில்லை. பெரிய பாத்திரம் மேலே போனது, அதன் மூடி கீழே தங்கியது. டார்ச் கீழே, அதை சார்ஜ் செய்கிற ஒயர் மேலே. பிளேயர் கீழே, ஸ்பீக்கர் மேலே. இஸ்திரிப் பெட்டி மேலே, இஸ்திரி மேஜை கீழே. அதைக் கொடு, இதை வாங்கிக்கொள் என்று கேட்க இரண்டு பெண்களுக்கும் வாய் வரவில்லை. மேலே பாத்திரத்தைத் தட்டால் மூடிச் சமைத்தார்கள். கீழே மூடியில் சின்னவள் குண்டூசி போட்டு வைத்தாள்.

இப்போது அதற்கும் மேல் ஒரு படி போயிருந்தது. ஊரின் மறுகோடியில் வேறு வீடு பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி காலி. லாரிக்குச் சொல்லியாயிற்று. மேலே பெட்டிகள் இழுபடும் சத்தம் தினமும் கேட்டது.

அவள் போகக் கூடாது. சின்னவளுக்கு அது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆனால் மாடிப்படி ஏறிப்போய், 'அக்கா, போகாதீங்க' என்று சொல்லவும் முடியவில்லை. கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தம்மா கதவைச் சாத்திவிட்டால்? அதற்குப் பிறகு அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தப் பயத்தையெல்லாம் தையல் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் அமுக்கி வைத்திருந்தாள். அந்தச் சத்தத்தில் பாதிதான் இப்போது வாயை மூடிக்கொண்டுவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக பிளேயரை அவர் கையில் கொடுத்தாள்.

"எந்த மெஷினா இருந்தாலும் முதல்ல ஆஃப் பண்ணணும். ஒரு மூச்சு விடணும். அப்புறம் ஆன் பண்ணணும்," என்றார் சின்னவர். பத்து மாடிக் கட்டிடத்து லிஃப்டுக்கும் அவர் வைத்தியம் அதுதான். ஆஃப் செய்தார். மூச்சு விட்டார். ஆன் செய்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

"பாடுதா?"

"பிச்சு உதறுது."

"மதியம் நானும் அதைத்தானே செஞ்சேன்!"

"நீ மூச்சு விட்டிருக்க மாட்டே."

அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்கச் சகிக்காமல் சின்னவள் பிளேயரைப் பிடுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை முழுவதும் பாடியது. மதியச் சாப்பாடு முடிந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஊமை. ஆஃப் செய்தாள். மனசாரப் பெருமூச்சு விட்டாள். ஆன் செய்தாள். பாட்டு திரையில் ஓடியது, காதுக்கு வரவில்லை. மாலை வீட்டுக்காரர் கைக்குப் போனதும் மறுபடி பாடியது.

"உனக்குப் பிரமை," என்றார் அவர்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுதான் பிரமை," என்றாள் இவள்.

பாட்டில் மட்டும் அல்ல, சேர்த்து வைத்திருந்த குரல் பதிவுகளிலும் அதே கதை. வாடிக்கையாளர் வீடுகளில் ஜன்னல் அளவு எடுக்கும்போது, ஒரு கையில் டேப், மறு கையில் துணி என்று இருப்பதால், அளவுகளை அந்த பிளேயரிலேயே பேசிப் பதிந்துகொள்வது அவள் வழக்கம். மெஷின் முன் உட்கார்ந்து திரும்பக் கேட்டு வெட்டுவாள். புதன்கிழமை மதியம் பல் டாக்டர் வீட்டு அளவைப் போட்டாள். காதில் ஒன்றும் விழவில்லை. மறுபடி போட்டாள். இன்னொரு முறை போட்டாள். டாக்டர் வீட்டுத் துணி வெட்டாமலே கிடந்தது.

அதிசயம் என்னவென்றால், மேலே அன்றைக்குப் பாத்திரம் எதுவும் விழவில்லை. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. தையல் அறைக்கு நேர் மேலே வந்து நின்றது. பிறகு இயர்போனையும் மெஷின் சத்தத்தையும் தாண்டி இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமையும் அப்படித்தான். பெட்டி கட்டும் சத்தம்கூட மதியத்தில் நின்றுபோயிருந்தது. சின்னவளுக்கு அது இன்னும் கலக்கத்தைத் தந்தது. சண்டை போடுகிறவள் சத்தம் போட்டால் மனசுக்கு ஒரு தெம்பு. வேண்டாம் என்று முடிவு செய்தவள்தான் சும்மா இருப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைவீதிக்குப் போனாள். ரேடியோ, போன், பிளேயர் என்று கைக்கு அடங்குகிறதையெல்லாம் பழுது பார்க்கிற கடை ஒன்று இருந்தது. கடை என்றால் ஆள் உட்கார்ந்தால் கதவு சாத்த முடியாது. உள்ளே ஒரு தாடிக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை. அதான் பிரச்சினை."

அவர் தன் இயர்போனைச் செருகினார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் மூடியே இருந்தார்.

"நல்ல பாட்டு," என்றார் கடைசியில்.

"பாடுதா?"

"அடுத்ததும் நல்லாயிருக்கு."

சின்னவள் வாங்கிக் காதில் வைத்தாள். கணீரென்று பாடியது. மானம் போனது. வைத்தியரைப் பார்த்ததும் வலி ஓடிப்போகிற நோயாளியாக நின்றாள். இவள் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தாடிக்காரர் துளையை ஊதினார், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார்.

"அம்மா, உங்க பிளேயர் முத்து மாதிரி இருக்கு. கடையில பாடி, வீட்டுல பாடலைன்னா, நீங்க வீட்டைத்தான் ரிப்பேருக்குக் கொண்டுவரணும்."

அவர் சிரிப்புக்குத்தான் சொன்னார். சின்னவளுக்குச் சுருக்கென்றது. அவர் என்னத்தைக் கண்டார், பாவம்.

கடை வாசலில் பாடியது. பஸ்ஸில் பாடியது. தெருமுனையில் அண்ணனும் தம்பியும் டீக்கடை பெஞ்சில் ஒளிந்து உட்கார்ந்து, வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிறவர்கள் மாதிரி ஒரே தட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததைக் கண்டும் காணாமல் கடந்து வந்தாள். அங்கேயும் பாடியது. வீட்டுக்குள் வந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஊமை.

"உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்று அதனிடம் கேட்டாள். கேட்டதில் குரல் உடைந்தது. பிளேயருக்காக யாரும் அப்படி உடைய மாட்டார்கள்.

சனிக்கிழமை. மறுநாள் லாரி வரும். காலையிலிருந்தே பெரியவளின் வீட்டுக்காரரான பெரியவர் பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கி வாசலில் அடுக்க ஆரம்பித்திருந்தார். போகும்போதும் வரும்போதும், "நல்லா இருக்கியாம்மா?" என்று சின்னவளிடம் கேட்டுக்கொண்டார். அவரும் வேறு என்ன கேட்பார்? மதியத்துக்கு மேல் சின்னவளுக்கு ஒரு வெறி வந்தது. அந்தம்மா போவதை நிறுத்தத் தன்னால் முடியவில்லை, இந்தத் துக்குளியூண்டு பிளேயரையாவது ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்தாள்.

எங்கே பாடுகிறது, எங்கே பாடவில்லை? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெருவுக்குப் போய் நின்று பாட்டைப் போட்டாள். பாடியது. மூலையில் நீலப் புள்ளி இல்லை. கேட்டுக்குள் வந்தாள். பாடியது. பெட்டி அடுக்கின் பக்கம் வந்தாள். பாடியது. செருப்பு அலமாரியைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்தாள். பாட்டு தயங்கியது, விக்கியது, நின்றது. நீலப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுபடி கேட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் புள்ளி மறைந்தது, பாட்டு வந்தது. உள்ளே வந்தாள். போனது. எதிர்வீட்டு மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு இவள் உள்ளே வெளியே நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். தூணில் மோதியதைப் பார்த்த தெருதானே.

அலுத்துப்போய் இயர்போனைக் கழற்றி, மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தாள். காது காலியாக இருந்தது. அப்போதுதான் கேட்டது. மேலே, பெரியவள் வீட்டுக்குள், ஒரு பாட்டு. கேட்ட பாட்டு. கேட்ட பாட்டு என்ன, கையில் இருக்கிற திரையில் இந்த நிமிடம் ஓடுகிற பாட்டு.

சின்னவள் பட்டனை அமுக்கினாள். மேலே பாட்டு நின்றது.

மறுபடி அமுக்கினாள். மேலே விட்ட இடத்திலிருந்து பாடியது.

நிறுத்தினாள். நின்றது. போட்டாள். பாடியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் ஓடியது. நிறுத்தினாள். போட்டாள்.

"எதுக்கு இப்படி நிறுத்தி நிறுத்திப் போடுறே?" மேலேயிருந்து அந்த வகுப்புக் குரல் படியில் இறங்கி வந்தது. "ஒழுங்கா ஒரே சீரா ஓட்டத் தெரியாதா உனக்கு?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பெரியவள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. வழக்கம்போலத் திட்டு. சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த நொடி எல்லாம் விளங்கியது, விளங்கியதும் தலை சுற்றியது. பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒன்றாகத்தான் வாங்கினார்கள். ஒயர் இல்லாமல் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்கிற ஜோடி. ஒரு காலத்தில் தையல் அறையில் இது பாட, அது முழங்க, இருவரும் கேட்டிருக்கிறார்கள். பிரிக்கும்போது அண்ணன் தம்பி இதைக் கீழே வைத்தார்கள், அதை மேலே கொண்டுபோனார்கள். பிரிந்துவிட்டோம் என்று மனிதர்களுக்குச் சொன்னார்கள், இவற்றுக்கு யார் சொன்னது? ஸ்பீக்கர் இத்தனை நாள் ஏதோ பரணில் கிடந்திருக்க வேண்டும். மூட்டை கட்டுவதற்காக இறக்கியவர்கள் அதை முடுக்கியதும், தன் ஜோடி காலடிக்குக் கீழேயே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அது பிடித்துக்கொண்டுவிட்டது. பெரியவள் வகுப்புக்குப் போய்விட்டால் அது அணைந்திருக்கும், அதனால்தான் காலையும் மாலையும் பிளேயர் ஒழுங்காகப் பாடியிருக்கிறது.

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து இவள் போட்டதெல்லாம் மேலேதான் பாடியிருக்கிறது. என்னென்ன போட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்காமலே இருந்திருக்கலாம். கூட இருந்தே குழி பறித்தவளைக் கரித்துக் கொட்டும் ஒரு பாட்டு. வண்டி கிளம்புகிற சந்தோஷத்தில் விசிலடித்து ஆடும் ஒரு பாட்டு. காது கேட்கவில்லை என்று சத்தத்தை வேறு உச்சத்தில் வைத்திருந்தாள். வீட்டைக் காலி செய்கிறவளின் அறைக்குள், மதியம் தவறாமல்!

ஜாடை பேசுவது என்று ஒன்று உண்டு. சுவரைப் பார்த்து, பூனையைப் பார்த்து, யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கும்படி பேசுவது. எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் எதிராளியின் ஸ்பீக்கரிலேயே ஜாடை பேசியவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இனி கீழே நிற்க முடியாது. கதவைச் சாத்தினால் சாத்தட்டும். சின்னவள் படியேறினாள்.

கதவு திறந்தே இருந்தது. அறை பாதி காலி. சுவரோரம் கட்டிய பெட்டிகள். நடுவில், தையல் அறைக்கு நேர் மேலே, ஒரே ஒரு நாற்காலி. அதன் காலடியில் ஸ்பீக்கர். நாற்காலியில் பெரியவள், கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்க்கிற தோரணையில் உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் வாயைத் திறந்தாள். "அக்கா, சத்தியமா நான் வேணும்னு..."

"பல் டாக்டர் வீட்டு ஹாலுக்குத் துணி வெட்டிட்டியா?"

சின்னவள் வாய் திறந்தபடியே நின்றது.

"கேட்கிறேன்ல. வெட்டிட்டியா, இல்லையா?"

"இ... இன்னும் இல்லை."

"நல்லவேளை. வெட்டாதே." பெரியவள் நீளமாக மூச்சு விட்டாள். "பெரிய ஜன்னலுக்கு அகலம் சொன்னே, உயரம் சொன்னே. மடிப்புக்கு விட மறந்துட்டே. அப்படியே வெட்டினா திரை சுருக்கமே இல்லாம பலகை மாதிரி தொங்கும். புதன்கிழமையிலருந்து சொல்லணும் சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துட்டு நிக்குது. நானும் வீம்பு புடிச்ச சனியன், எப்படி வந்து சொல்றது? ராத்திரி தூக்கமே வரலை."

"நீங்க... அந்த அளவைக் கேட்டீங்களா?"

"கேட்காம? நீதான் திரும்பத் திரும்பப் போட்டியே. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பாட்டு... அந்தப் பாட்டெல்லாம்..."

"செவ்வாய்க்கிழமை நியூஸ் கேட்கலாம்னு இந்த ஸ்பீக்கர்ல ரேடியோவை வச்சேன். பாதியிலேயே நியூஸ் படிக்கிறவன் போயிட்டான், விசிலடிச்சுக்கிட்டு வண்டி கிளம்பிடுச்சு. இவ நம்ம போறதைக் கொண்டாடுறாடான்னு வந்த ஆத்திரத்துல பாத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். அந்தப் பாத்திரம் நெளிஞ்சுபோச்சு, தெரியுமா? மறுநாளும் பாடுச்சு. வரட்டும், இன்னைக்கு இறங்கிப் போய் ஒரு கை பார்த்துடுறேன்னு எழுந்தேன். எழுந்தா, நீ பேசுறே. 'ஹால் ஜன்னல், அகலம் இவ்வளவு, அம்மா ரொம்பக் கறார், துணி மிச்சம் கேட்பாங்க'ன்னு. ஜன்னல் அளவைச் சொல்லி ஜாடை பேசுற அளவுக்கு உனக்குத் திறமை கிடையாதுன்னு எனக்குத் தெரியும். அப்பதான் புரிஞ்சுது, இது உனக்கே தெரியாம வருதுன்னு."

"புதன்கிழமையே தெரிஞ்சுதா!" சின்னவளுக்கு இப்போது கோபமே வந்தது. "நான் இங்க ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, மூச்சு விட்டு, கடைக்குத் தூக்கிட்டு ஓடி, அந்தத் தாடிக்காரர் முன்னாடி அசடு வழிஞ்சு... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே!"

பெரியவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். வகுப்புக் குரல் எங்கேயோ போய்விட்டது.

"நிறுத்தினா எனக்குக் கேட்காதேடி," என்றாள்.

ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. சின்னவள் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. வேறு ஏதோதான் வந்தது.

"உங்களுக்குக் கத்துக்கொடுக்கத் தெரியாதுன்னு சொன்னது தப்பு அக்கா. நல்லாத்தான் கத்துக்கொடுத்தீங்க."

"நல்லா கத்துக்கொடுத்தா தூண்ல எதுக்கு இடிக்கிறே?"

"நீங்க பிரேக்..." என்று ஆரம்பித்த சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவளும் எதையோ சொல்ல வந்து விழுங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்பதும் அந்தத் தூண் விஷயம் மாதிரிதான், சொல்ல முடியாது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெரியவள், ஸ்பீக்கரைக் காலால் லேசாகத் தொட்டாள். "இது எவ்வளவு தூரம் எட்டும்?"

"கேட் பக்கத்துல நின்னா எட்டலை. செருப்பு அலமாரிக்கு வந்தா எட்டுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் புது வீட்டுக்கு?"

"ரெண்டு பஸ் மாறிப் போகணும் அக்கா. எட்டவே எட்டாது."

பெரியவள் கணக்குப் போடுகிறவளாகக் கூரையைப் பார்த்தாள்.

"அப்புறம் அங்க போய் நான் என்னத்தைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?" என்றாள் பெரியவள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் அடுத்த பெட்டியை எடுக்க மேலே வந்தார். குனிந்து, தோளில் ஏற்றி, நிமிர்ந்து, திரும்பியவர் அப்போதுதான் இரண்டு பேரையும் பார்த்தார். பெட்டியோடு அப்படியே நின்றார். குழாய்க்காரருக்கு எந்த இடத்தில் கை வைத்தால் ஒழுகும், எந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று தெரியும்.

"இதை... கீழே கொண்டுபோகவா?" என்று மட்டும் கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் பெரியவள், அவர் ஏதோ கிறுக்குத்தனம் செய்கிறார் என்ற பாவனையில். "இருந்த இடத்துல வைங்க. கீழே அடுக்கினதையும் தூக்கிட்டு வாங்க. மழை கிழை வந்தா நனையும்ல."

மழைக்கான அடையாளம் வானத்தில் ஒரு துளிகூட இல்லை. பெரியவர் பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்தார். லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்வது, புது வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று எவ்வளவோ இருந்தது. அவர் அதில் எதையும் நினைக்காமல் படியில் தடதடவென்று இறங்கித் தெருமுனை டீக்கடைக்கு ஓடினார். தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டும்.

"வேற பாட்டு போடட்டுமா?" என்றாள் சின்னவள்.

"பாட்டு ஓடியா போகுது? முதல்ல அந்த அளவைப் போடு. எங்கே தப்புன்னு காட்டுறேன்."

சின்னவள் பிளேயரை எடுத்தாள். திரையில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைந்து கிடந்தது. எதை அமுக்குவது என்று தெரியாமல் விரல் தடுமாறியது.

"சரி, அதை விடு. வாயால சொல்லு," என்று பெரியவள் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஹால் ஜன்னல். அகலம் எவ்வளவு?"

சின்னவள் சொல்ல வாயெடுத்தாள், சொல்ல முடியவில்லை.

"அழாம சொல்லுடி. அகலம் எவ்வளவு?"